கைப்பிடியை மெல்ல நகர்த்தச் சொன்னவருக்கு

துப்பாக்கி சுடும் மன்றத்து நண்பர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வணக்கம்.

விரல்கள் பத்தும் இருக்கின்றன. கண்கள் இரண்டும் இருக்கின்றன. வீட்டில் தோட்டா நிரப்பும் பிரஸ் ஓடுகிறது. இவற்றை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாகப் படிப்பீர்கள். சுடுகளத்தில் அன்று கேட்ட அந்த மந்தமான சத்தத்தைப் பற்றியும், அதற்குப் பிறகு என் வீட்டு மேசையில் நடந்த கூத்தைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டார் சிலரும் இதைப் படிப்பீர்கள் என்பதால் அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். புரோகிரெசிவ் பிரஸ்ஸில் ஒரு வட்டத் தட்டு சுற்றும். அதன் நிலையங்களில் சுட்டு முடித்த தோட்டாக்களின் காலிப் பித்தளைக் கூடுகள் நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இறக்கி ஏற்றினால், ஒரு கூட்டின் அடியிலிருந்து பழைய பிரைமர் (அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெளியே தள்ளப்படும், இன்னொன்றில் புதியது அமரும், அடுத்ததில் வெடிமருந்து விழும், அதற்கடுத்ததில் குண்டு பொருந்தும், கடைசியில் வாய் இறுகி ஒரு முழுத் தோட்டா பெட்டியில் விழும். எல்லாம் ஒரே நேரத்தில். அதனால் ஓரிடத்தில் வந்த கோளாறு அந்த இடத்தோடு நிற்பதில்லை. பிரைமர் சரியாக அமரவில்லை என்றால் தட்டு சிக்குகிறது. தட்டு சிக்கினால் கையால் முன்னும் பின்னும் திருப்ப வேண்டியிருக்கிறது. அப்படித் திருப்பும்போதுதான், இந்தக் கூட்டில் மருந்து விழுந்ததா, விழவில்லையா, இரண்டு முறை விழுந்துவிட்டதா என்ற சந்தேகம் பிறக்கிறது. மருந்தில்லாத தோட்டாவில் பிரைமரின் வேகம் மட்டும், மந்தமான சத்தத்தோடு, குண்டைத் துப்பாக்கிக் குழலுக்குள் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கவும் கூடும். இரட்டை மருந்தின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

என் பிரஸ் சில வாரங்களாகவே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் எல்லோரும் யோசனை சொன்னீர்கள். சுருள்வில்லை மாற்று, கிரீஸ் போடு, பிரைமர் குழாயின் நுனியை மாற்று, மேசையை இன்னும் இறுக்கமாகச் சுவரோடு பிணை. எல்லாமே சரியான யோசனைகள்தாம், அவரவர் பிரஸ்ஸுக்கு. நானும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஒருநாள் தேனாக ஓடும். மறுநாள் பிரைமரைப் பக்கவாட்டில் நசுக்கி வைத்திருக்கும். நசுங்கிய பிரைமரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்போது வயிற்றில் என்ன செய்யும் என்று.

நான் நன்றி சொல்ல வந்த மனிதர் நம் மன்றத்தில் இல்லை. நம்மில் ஒருவருடைய மாமனார். வாழ்நாள் முழுவதும் லேத் பட்டறையில் நின்றவர். மருமகன் எனக்கு ஒரு கருவியைக் கொடுக்க வந்தபோது, வீட்டில் பொழுது போகவில்லை என்று கூடவே வந்திருந்தார். அறைக்குள் நுழையும்போதே, "எனக்கு இந்தத் துப்பாக்கி விவகாரமே பிடிக்காது தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைந்தார். பெயரைப் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஐயா என்றே எழுதுகிறேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "இதில் வெடிக்கக்கூடியது எது?" என்பதுதான். பிரைமர் குழாயைக் காட்டினேன். நிறைந்த குழாயில் நூறு பிரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றிலும் அடிபட்டால் வெடிக்கும் ஈயச் சேர்மம். ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்க வாய்ப்பு உண்டு. அதைக் கேட்டதும் ஐயா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். குழாயைக் காலி செய்து, பிரைமர்களை அவற்றின் சொந்தப் பெட்டியில் போட்டு, அடுத்த அறையில் வைக்கச் சொன்னார். மருந்தும் அதன் சொந்த டப்பாவுக்கே போனது. மேசையில் பித்தளையும் இரும்பும் மட்டும் மிஞ்சிய பிறகுதான் மறுபடி உட்கார்ந்தார். யோசனை சொன்ன யாருக்கும் இது தோன்றவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம் பழகிவிட்டோம், அவர் பழகவில்லை.

பிறகு கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். நான் வழக்கம்போல ஒரு வீச்சில் இறக்கினேன்.

"இழுக்காதீர்கள். நகர்த்துங்கள்."

அவர் இடது கையின் நடுவிரலைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டார். நான் நகர்த்தினேன். ஓரிடத்தில், "இங்கே ஒரு படி ஏறி இறங்குகிறது" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்து, என் கைப்பிடியை அவர் வாங்கிக்கொண்டார். சற்று நேரம் கழித்து எனக்கும் தெரிந்தது. மெல்லிய ஒரு தடக்.

அடுத்து மேசையில் கிடந்த பழைய ரசீது ஒன்றை நீளவாக்கில் கிழித்து, அந்தக் கீற்றைத் தட்டுக்கும் அதன் அடித்தளத்துக்கும் நடுவே செருகினார். ஒரு நிலையத்தில் காகிதம் தாராளமாகப் போய் வந்தது. அதற்கு நேர் எதிரில் இறுகிப் பிடித்துக்கொண்டது. பிரைமர் அமரும் நிலையத்தை ஒட்டி, இழுத்தபோது கிழிந்தே போனது. "தட்டு சாய்ந்திருக்கிறது. நீங்கள் பிரைமரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்." அவ்வளவுதான் சொன்னார். தட்டே சாய்ந்து நின்றால், கீழிருந்து எழும்பி வருகிற பிரைமர் குழியின் நடுவில் எப்படிப் போய் அமரும்? விளிம்பில் இடித்து நசுங்கத்தான் செய்யும்.

நடு போல்ட்டைக் கழற்றித் தட்டைத் தூக்கினோம். அடியில் பழைய பிரைமர்களின் கரி, மருந்துத் துகளோடு சேர்ந்து இறுகி ஓர் அடுக்காகப் படிந்திருந்தது. அந்த அடுக்குக்குள் கூட்டின் விளிம்பிலிருந்து சீவி விழுந்த ஒரு பித்தளைத் துணுக்கு. தட்டை ஒவ்வொரு நிலையத்திலும் நிறுத்திப் பிடிக்கிற சிறிய எஃகுக் குண்டு உட்காரும் குழியிலும் அதே கரி. தட்டு ஒவ்வொரு முறையும் உதறிக்கொண்டு நின்றதும், நிரம்பிய கூட்டிலிருந்து மருந்து சிதறியதும் அதனால்தான். சிதறிய மருந்து மறுபடி தட்டுக்கு அடியில் போய்ப் படிந்து கோளாறைப் பெருக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நடு போல்ட்டைப் பூட்டி வைக்கிற சிறிய திருகும் தளர்ந்திருந்தது. போல்ட்டைத் தட்டு அசையாத அளவுக்கு இறுக்கி, பிறகு மயிரிழை அளவு தளர்த்தி, தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் ஆடவில்லை என்ற இடத்தில் நிறுத்தித் திருகைப் பூட்டினார்.

அதோடு விடவில்லை. "வீட்டில் நகப்பூச்சு இருக்கிறதா?" என்று கேட்டார். மகளுடைய சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுவந்து கொடுத்தேன். போல்ட்டின் தலையிலிருந்து தட்டு வரை ஒரே கோடாக இழுத்தார். போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டும். கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். பட்டறையில் எல்லோரும் செய்வதுதான் என்றார். எனக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் சும்மா இருக்க முடியாமல் மேசையில் கிடந்த .45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டா ரகத்தின் கூடுகளைத் தலைகீழாக வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று சிலவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்து, "இவற்றின் துளை சிறியதாக இருக்கிறதே" என்றார். ஒரு தோட்டாவின் பெயர்கூடத் தெரியாதவர்! அந்த ரகத்தில் வழக்கமாகப் பெரிய பிரைமர்தான், 0.210 அங்குலம். ஈயமில்லாப் பிரைமர் போட்ட தோட்டாக்களோடு 0.175 அங்குலச் சிறிய குழி உள்ள கூடுகளும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. களத்தில் பொறுக்கிய வாளியில் இரண்டும் கலந்துதான் கிடக்கும். சிறிய குழியில் பெரிய பிரைமரை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை என் பிரஸ் பலமுறை காட்டியிருந்தது. சாய்ந்த தட்டும் கலந்த கூடுகளும் மாறி மாறித் தொல்லை கொடுத்ததால்தான், எதைச் சரிசெய்தாலும் கோளாறு போனபாடில்லை.

பிறகு ஒரே ஒரு கூட்டைத் தட்டில் வைத்து, பிரைமரும் மருந்தும் இல்லாமல் எல்லா நிலையங்களையும் சுற்றிவரச் செய்தோம். மருந்து போடும் கட்டம் வருவதற்குள் ஐயா எழுந்துவிட்டார். "அது உங்கள் வேலை." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்ல இயந்திரம். செய்தவன் வேலை தெரிந்தவன்" என்றார். அத்தனை நாளும் நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு நம் விளையாட்டு பிடித்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். காகிதத்தில் ஓட்டை போடுவதில் என்ன சுகம் என்று போகும்போதும் கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை, எனக்கும்தான். தனக்குப் பிடிக்காத ஒரு காரியத்தில், முன்பின் அறியாத ஒருவன் காயப்படக் கூடாது என்பதற்காக மட்டும் ஒரு மாலைப் பொழுதைக் கொடுக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இதை எழுதும்போதுகூடத் தொண்டை அடைக்கிறது. அவருக்கு இதைப் படித்துக் காட்டும் பொறுப்பு மருமகனுடையது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், மன்னியுங்கள். அன்று களத்தில் சத்தம் மாறியதும் "நிறுத்து" என்று கத்தியவருக்கு வெறும் நன்றி போதாது, நேரில் பேசுவேன். சந்தேகத்துக்குரிய தோட்டாக்களையெல்லாம் குண்டு பிடுங்கும் சுத்தியலால் தட்டித் தட்டிப் பிரித்துக் கொடுத்தவர், வாளிக் கூடுகளை என்னோடு உட்கார்ந்து தரம் பிரித்தவர், கேட்காமலே சுருள்வில்லைத் தபாலில் அனுப்பியவர், தன் தராசைக் கொடுத்துவிட்டு அது இல்லாமல் இருந்தவர், நள்ளிரவில் தொலைபேசியை எடுத்தவர், எல்லோருக்கும் என் நன்றி. இரைச்சலைப் பொறுத்துக்கொண்ட என் வீட்டாருக்கும்.

இனி, கைப்பிடி கனத்தால் கை அங்கேயே நிற்கும். தட்டு சிக்கினால் அதில் இருக்கும் எல்லாக் கூடுகளையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். பாதியில் தொடர மாட்டேன். தட்டுக்கு மேலே ஒரு விளக்கு பொருத்தியிருக்கிறேன். குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன். அமர்ந்த பிரைமர் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறதா என்று விரல்நுனியால் தடவிப் பார்க்கிறேன். வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. குறையட்டும்.

சுத்தியலையும் தராசையும் அடுத்த பயிற்சியன்று கொண்டுவருகிறேன். சிறிய குழிக் கூடுகள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்திருக்கின்றன. அதற்குரிய பிரைமர் வைத்திருப்பவர் யாராவது கேட்டால் அப்படியே கொடுத்துவிடுகிறேன். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்