வேபிரிட்ஜிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பொங்கலுக்கு அப்புறம் கடிதமே இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். குளிரில் விரல் மடங்கவில்லை என்று சொன்னால் சித்தி நம்ப மாட்டாள். இங்கே ஒரு குறையும் இல்லை. ரசப்பொடிகூட இன்னும் தீரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் உங்கள் ஜாதி: பைக்கை வாசலில் பிரித்துப் போட்டிருப்பார், மழை வந்தால் குடை பைக்குக்குத்தான்.

நீங்கள் கேட்ட ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தளம் இந்த ஊரில்தான். சரிந்த வளைவுகளோடு கார் பந்தயத்துக்கென்றே கட்டியதில் உலகத்திலேயே முதல், 1907. அப்போது இங்கிலாந்துச் சாலையில் மணிக்கு 20 மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது; கார் செய்கிறவர்களுக்கு ஓட்டிப் பார்க்க இடமில்லை. லாக் கிங் என்ற நிலக்காரர் தன் நிலத்தில் சொந்தப் பணத்தைக் கொட்டினார். அகலம் 100 அடி, சரிவு ஏறக்குறைய 30 அடி உயரம், சுற்று 2¾ மைல். கம்பி கட்டாத கான்கிரீட்டைப் புது மண்மேல் போட்டதுதான் வினை. மண் அமுங்க அமுங்கத் தளம் மேடுபள்ளமாகி, வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஒட்டுப் போட்டார்கள். ஆற்றுப் பாலத்தருகே தளத்தில் ஒரு தூக்கல்; வேகமாக வந்தால் நாலு சக்கரமும் தரையை விடும்.

அதிலும் ஜான் காப் என்ற பந்தயக்காரர் 1935இல் 143.44 மைல் வேகத்தில் சுற்றினார். வண்டி நேப்பியர்-ரயில்டன்: 24 லிட்டர் விமான எஞ்சின், மூன்று வரிசையில் 12 சிலிண்டர். பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்! உங்கள் மெக்கானிக் கடைக்கு வந்தால் ஓட்டி வந்தவரைத்தான் முதலில் திட்டுவீர்கள். அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் வழக்குக்குப் போனதால், மீன்வால் போன்ற முனை வைத்த பெரிய சைலன்சர் கட்டாயமானது.

1939இல் யுத்தம் வந்ததும் பந்தயம் நின்றது. உள்ளேயே விமானத் தொழிற்சாலைகள் இருந்தன. சரிவை வெட்டி வழி போட்டார்கள், எதிரி விமானத்துக்குத் தெரியாதிருக்கத் தளத்தில் மரம் நட்டார்கள். 1946இல் விமானம் செய்யும் விக்கர்ஸ் கம்பெனி இடத்தை வாங்கியதோடு பந்தயம் சரி. நம் சோழவரத்தில் யுத்தகால ஓடுதளம் பந்தயத்துக்கு வந்தது, இங்கே நேர்மாறு. மிச்சச் சரிவில் இப்போது பாசி.

பந்தயத்துக்கு நீங்கள் கட்டிக்கொண்டு போகும் புளிசாதமும் பழவேற்காட்டு இறால் தொக்கும் ஞாபகம் வந்து தொலைத்தது. பேசாமல் வந்து உங்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கலாம் போலிருக்கிறது. அது கிடக்கட்டும்.

சீட்டுப் பணம் இந்த மாதம் கொஞ்சம் தள்ளி வரும். பேங்கில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஆந்திராவிலுள்ள தடா ஊர் நிலத்துப் பத்திரம் தெலுங்கில் இருப்பதால் சூளூர்ப்பேட்டை மாமா படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வே எண் நிலப் பாஸ்புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பாட்டியின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
குமார்