லண்டனில் எங்கே தங்குவது என்று கேட்ட மகளுக்கு

தோ பாயோ,
சிங்கப்பூர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று ஹோட்டல்களின் விவரங்களையும் நேற்றிரவு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நீங்கள் பெர்த்திலிருந்து முதன்முறையாக லண்டனுக்குப் போகிறீர்கள். முழங்கால் வலியுள்ள சம்பந்தி அம்மாவையும் ஆறு வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு போகிறீர்கள். தங்கப்போவதோ ஐந்தே இரவுகள். தங்கும் இடம் தவறிவிட்டால் அந்த ஐந்து நாளும் எப்படிப் போகும் என்பதை நானும் அம்மாவும் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அதனால்தான் இதை எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சிராங்கூன் சாலைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு முகப்பில் அப்பா முப்பத்தொரு வருடம் நின்றது உனக்குத் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் அறை பெரிதா, காலை உணவு உண்டா, டிவி எத்தனை அங்குலம் என்றுதான் முதலில் கேட்பார்கள். மூன்றாம் நாள் அவர்கள் என்னிடம் வந்து சொல்லும் மகிழ்ச்சியோ வருத்தமோ பெரும்பாலும் அந்த அறையைப் பற்றியதாக இராது, அது எங்கே இருந்தது என்பதைப் பற்றியதாகவே இருக்கும். 2003-இல் வடக்கு கிழக்கு ரயில் பாதை திறக்கப்படும் வரை, விருந்தினர்களுக்குப் பேருந்து எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதும் டாக்சிக்காக வாசலில் நிற்பதுமே என் காலை வேலையாக இருந்தன. பாதை திறந்த பிறகு, ஃபேரர் பார்க் நிலையத்தில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரன்ட், அங்கிருந்து செந்தோசாத் தீவு என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினேன். ஹோட்டல் அதே கட்டடம், அதே அறைகள், அதே மெத்தை. ஆனால் விருந்தினர்களுக்கு அது வேறு ஹோட்டலாகிவிட்டது.

ஒரு குடும்பம் இன்னும் கண்ணில் நிற்கிறது. திருச்சியிலிருந்து இரவு விமானத்தில் வந்து, விடியற்காலை ஆறரை மணிக்கு என் முன்னால் நின்றார்கள். அறை கிடைப்பது பிற்பகல் 2 மணிக்குத்தான். பாட்டியம்மா முகப்பின் ஓரமாக, கயிறு கட்டிய பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்து, கழற்றிய செருப்புகளைப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுக் கால்களை நீவிக்கொண்டிருந்தார். பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நீச்சல்குளத்துக் குளியலறையில் குளித்துக்கொள்ளச் சொன்னேன். குளித்துவிட்டு, கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதை வழியாகவே வெயில் படாமல் நடந்து வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனார்கள், சாப்பிட்டார்கள், பத்தரைக்குத் திரும்பி வந்தார்கள்; அதற்குள் ஓர் அறை தயாராகியிருந்தது. அறை இல்லாத அந்த நான்கு மணி நேரத்தை அவர்களுக்குத் தாங்கிக் கொடுத்தது அந்த ஹோட்டல் இருந்த தெருதான். நீங்கள் போகும் விமானமும் பெர்த்திலிருந்து பதினேழு மணி நேரம் பறந்து ஹீத்ரோவில் விடியற்காலையில் இறங்குகிறது. லண்டனிலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு முன் அறை தரமாட்டார்கள். சம்பந்தி அம்மா அந்தக் காலைப்பொழுதை எங்கே, எப்படிக் கழிப்பார் என்பதை முதலில் நினைத்துப் பார்.

இனி எங்கள் கதை. 2011-இல் அம்மாவை லண்டனுக்கு அழைத்துப் போனேனே, அப்போது நீ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்ததால் நடந்ததையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை. விலை பாதிதான் என்பதாலும் விமான நிலையத்துக்கு அருகில் என்பதாலும் ஹௌன்ஸ்லோ பக்கம் ஒரு ஹோட்டலைப் பிடித்தேன். ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. ரயிலில் ஏறி நகரத்துக்குள் வர முக்கால் மணி நேரத்துக்கும் மேல். போக ஒன்றேகால், வர ஒன்றேகால் என்று ஒரு நாளில் இரண்டரை மணி நேரம் போயிற்று. ஐந்து நாளுக்குக் கணக்குப் போட்டால் பன்னிரண்டரை மணி நேரம். அதாவது ஒரு முழுப் பகலைப் பணம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ரயிலுக்குள்ளேயே கொடுத்துவிட்டேன். இரண்டாம் நாள் கோவென்ட் கார்டன் நிலையத்தில் இறங்கினோம். மின்தூக்கிக்கு முன் கூட்டமாக இருந்ததால், அங்கிருந்த அறிவிப்பைப் படிக்காமல் அம்மாவைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போய்விட்டேன். சுழன்று சுழன்று மேலே போகும் 193 படிகள். நூறு படி ஏறியபின் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. அம்மா சுவரில் ஒரு கையும் என் தோளில் ஒரு கையுமாக, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறி முடித்தார்.

அம்மா அந்தப் பயணத்தில் ஆசையோடு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் சோழர் காலத்து நடராசரைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் கால் வீக்கம் வடிந்து கிளம்பவே மதியமாகிவிட்டது. அந்தக் கூடத்தைத் தேடிக் கண்டுபிடித்தபோது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, கைகூப்பி நின்று, தூக்கிய திருவடியை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே காவலர் வந்து வாசலைக் காட்டினார். அவர் கடமையை அவர் செய்தார். நேரத்தை வீணடித்தவன் நான். திரும்பும்போது ரயிலில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

ஆகவே உனக்கு நான் சொல்லும் அளவுகோல் இதுதான். ஹோட்டல்காரர் எழுதியிருக்கும் "நகர மையத்திலிருந்து இத்தனை மைல்" என்பதை வைத்து அளக்காதே. லண்டனில் தூரத்தைச் சேரிங் கிராஸில் முதலாம் சார்லஸ் சிலை நிற்கும் இடத்திலிருந்து கணக்கிடுவது வழக்கம். உங்களுக்கு அந்தச் சிலையடியில் ஒரு வேலையும் இல்லை. நீங்கள் பார்க்க நினைக்கும் இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொள். அந்தப் புள்ளிகளிலிருந்து திரும்பி வரும்போது, உங்களில் அதிகம் களைத்துப் போனவர் மாலையில் கடைசியாக நடக்க வேண்டிய தூரம் எவ்வளவு, அதில் படிகள் எத்தனை என்று பார். அந்தக் கடைசி நடை சம்பந்தி அம்மாவின் முழங்காலுக்கு ஏற்றதாக இருந்தால் அதுதான் நல்ல இடம்.

படிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ வளர்ந்த ஊர் உன்னை ஏமாற்றிவிடும். நம் சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் 1987-இல் ஓடத் தொடங்கியது; இன்று எந்த நிலையத்திலும் மின்தூக்கி இருக்கும் என்று யோசிக்காமலே வீட்டைவிட்டுக் கிளம்புகிறோம். லண்டனின் சுரங்க ரயில் 1863-இல் தொடங்கியது. அங்குள்ள 272 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் தெருவிலிருந்து படியே ஏறாமல் இறங்காமல் போக முடியும். ஆனால் 2022-இல் எலிசபெத் பாதை திறக்கப்பட்ட பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது. நகர நடுவில் அந்தப் பாதையின் நிலையங்கள் எல்லாவற்றிலும் மின்தூக்கி உண்டு. ஹீத்ரோவிலிருந்து வண்டி மாறாமல் பேடிங்டன், பாண்ட் ஸ்ட்ரீட், டாட்டன்ஹம் கோர்ட் ரோடு என்று நேரே வந்துவிடலாம். நாங்கள் போன காலத்தில் இது கிடையாது.

இப்போது உன் மூன்று ஹோட்டல்கள்.

மாப்பிள்ளை ஈஸ்ட் ஹாமை விரும்புவதற்கான காரணம் எனக்குப் புரிகிறது. தமிழ்க் கடைகள், இட்லி தோசை, கோயில், பேச்சுத் துணை எல்லாம் இருக்கும். தன் தாயாருக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று ஒரு மகன் கவலைப்படுவது நல்ல கவலை. சிங்கப்பூருக்கு வருகிறவர்களிடம் நானே லிட்டில் இந்தியாவில் தங்குங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் நம் லிட்டில் இந்தியா நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. டோபி காட் அடுத்த நிறுத்தம், மெரினா வளைகுடாத் தோட்டங்களுக்குப் போகும் பேஃபிரன்ட் நான்காவது நிறுத்தம். ஈஸ்ட் ஹாம் அப்படி இல்லை. டிஸ்ட்ரிக்ட் பாதையில் டவர் ஹில்லுக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் நேரே வரலாம் என்றாலும், ஒவ்வொரு நாளும் ஊரின் கிழக்கு ஓரத்திலிருந்து வந்து போவதாகவே இருக்கும். ஒரு நாள் மாலை அங்கே போய் வயிறாரச் சாப்பிட்டு வாருங்கள். தங்க வேண்டாம். சைவச் சாப்பாட்டுக்கு யூஸ்டன் நிலையத்துக்குப் பின்னால் டிரம்மண்ட் ஸ்ட்ரீட்டில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. முருகனைக் கும்பிட வேண்டுமானால் ஹைகேட்டில் ஆர்ச்வே ரோட்டிலேயே கோயில் இருக்கிறது.

பேடிங்டன் ஹோட்டல் இடத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாதது. விமான நிலையத்திலிருந்து வருவதற்கு அதைவிட எளிய பேட்டை இல்லை. எனக்குத் தயக்கம் கட்டடத்தில்தான். நீ அனுப்பிய படத்தில் இருப்பது பழைய வரிசை வீடுகளை இணைத்து ஹோட்டலாக்கியது. அந்த மாதிரி வீடுகளில் பலவற்றில் மின்தூக்கி இல்லை, வாசலிலேயே நாலைந்து படி, உள்ளே குறுகலான செங்குத்துப் படி. ஜூலையில் போகிறீர்கள் என்பதால் குளிர்சாதன வசதி உண்டா என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். லண்டன்தானே என்று நினைத்துவிடாதே. இன்னொன்று: நமக்கு முதல் தளம் என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி புளோக்கின் தரைத்தளம். அங்கே முதல் தளம் என்றால் ஒரு மாடி ஏற வேண்டும். "முதல் தளத்தில் அறை" என்று எழுதினால் மகிழ்ந்துவிடாமல், மின்தூக்கி அந்தத் தளத்துக்கு வருகிறதா, அறைக்குப் போகும் வழியில் இடையில் படி உண்டா என்று நேரடியாகக் கேள்.

என் மனம் மூன்றாவதான புளூம்ஸ்பெரி ஹோட்டலில்தான் நிற்கிறது. ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் பாதையில் சுமார் நாற்பது நிமிடத்தில் டாட்டன்ஹம் கோர்ட் ரோடு. அங்கே மின்தூக்கியில் மேலே வந்தால் ஹோட்டலுக்குச் சமதளத்தில் நடந்தே போகலாம், பெட்டிகள் இருப்பதால் அன்று மட்டும் டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் மியூசியம் தெரு முனையில். வெஸ்ட்மின்ஸ்டருக்குச் சுரங்க ரயிலே வேண்டாம். 24-ஆம் எண் பேருந்து டிராஃபல்கர் சதுக்கம் வழியாக நாடாளுமன்றத்தின் முன்னாலேயே கொண்டுபோய் விடும், பேரனுக்கு மாடியில் முன் இருக்கை கிடைத்தால் அவனுக்கு அதுவே பெரிய வேடிக்கை. லண்டன் பேருந்துகள் எல்லாம் தாழ்தளப் பேருந்துகள் என்பதால் சம்பந்தி அம்மாவும் சிரமமில்லாமல் ஏறலாம். ஒரு மணி நேரத்துக்குள் பேருந்து மாறி ஏறினால் மறுபடி காசு எடுக்கமாட்டார்கள். டைனோசர் எலும்புக்கூடு பார்க்க சவுத் கென்சிங்டனுக்குப் போகிற ஒரு நாள் மட்டும் கொஞ்சம் தூரம், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

இந்த இடத்துக்கு இன்னொரு பெரிய பயன் இருக்கிறது. ஜூலை மாதம் லண்டனில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். காலையில் ஓர் இடம் பார்த்துவிட்டு, மதியம் 2 மணிக்கு அறைக்குத் திரும்பி, பேரனும் சம்பந்தி அம்மாவும் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, ஐந்து மணிக்கு மறுபடி கிளம்பினால், ஒரு நாளில் இரண்டு நாள் பார்த்த மாதிரி ஆகிவிடும். ஹோட்டல் தொலைவில் இருந்தால் இதை நினைக்கவே முடியாது. ஒருமுறை வெளியே வந்தால் பொழுது சாயும் வரை எல்லாரும் தெருவிலேயே அலைய வேண்டியதுதான்.

ஓர் இரவுக்கு நாற்பது பவுண்டு கூடுதல் என்று எழுதியிருந்தாய். ஐந்து இரவுக்கு இருநூறு பவுண்டு. அந்தப் பணத்தை நானும் அம்மாவும் தருகிறோம், மறுக்காதே. பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக வைத்துக்கொள். பணம் கட்டும் முன், பெட்டிகளைக் காலையிலேயே வாங்கி வைப்பார்களா, மின்தூக்கி உண்டா, சாலை இரைச்சல் இல்லாத பின்பக்க அறை கிடைக்குமா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்.

மியூசியத்தை இப்போது மாலை 5 மணிக்கு மூடிவிடுகிறார்கள், வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 8:30 வரை திறந்திருக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதச் சொல்கிறார்: வெள்ளிக்கிழமை மதியம் சம்பந்தி அம்மாவை நன்றாகத் தூங்கவைத்து எழுப்பி, ஆறு மணிக்கு மேல் மெதுவாக நடத்திக் கூட்டிப் போ. 33-ஆம் எண் கூடம். அவர் போதும் என்று சொல்லும் வரை அங்கே நிற்கட்டும்.

அன்புடன்,
அப்பா