இரண்டு கோப்புக்கும் ஒரே இடம்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் மடல் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு மதுரைக் குன்றுகளில் ஏறத் தொடங்கிவிட்டாய். எனக்குப் பொறாமைதான். என் முழங்கால் இப்போது மாடிப்படிக்கே முனகுகிறது. பேத்தி பள்ளிக்குப் போனபின் பழைய படங்களை அடுக்கிவைப்பதுதான் இங்கே என் பொழுது. ஆகவே சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய்.

கணினியின் வரைபடத்தில் மாங்குளமும் அரிட்டாபட்டியும் கீழவளவும் அதனதன் இடத்தில் நிற்கின்றன, தம்பிக்கு அனுப்பிய ஜேபெக் படங்களில் மட்டும் இடம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ ஒருமுறை பொத்தானை அழுத்தினால் கேமரா தான் பிடித்ததை அப்படியே வைக்கும் ரா, உடனே பார்க்கத் தயாரான ஜேபெக் என இரண்டு கோப்புகளை எழுதுகிறது. பெயர் ஒன்று, புள்ளிக்குப் பின் வரும் வால் வேறு. உன் மென்பொருள் அந்த இரண்டையும் ஒரே படமாகக் காட்டுகிறது. பார்க்க வசதிதான். ஆனால் வரைபடத்தில் நீ இழுத்து வைத்த புள்ளி, ரா கோப்பின் கணக்கில்தான் ஏறுகிறது. அதுவும் பல நேரம் கோப்பில் ஏறாமல் மென்பொருளின் சொந்தப் பதிவேட்டிலேயே தங்கிவிடும். ஜேபெக்குக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அமைப்புகளுக்குள் போய், ரா பக்கத்தில் இருக்கும் ஜேபெக்கைத் தனிப் படமாக நடத்தும் விருப்பம் இருக்கிறதா என்று பார். லைட்ரூம் என்ற படமென்பொருளில் அப்படி ஒன்று உண்டு. அதை இயக்கினால் திரையில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். எரிச்சலாக இருக்கும், ஆனால் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

இதுவரை குறித்ததைக் காப்பாற்ற வழி எளிது. முதலில் மென்பொருளை விவரங்களைக் கோப்பாக எழுதச் சொல். ரா பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறு துணைக்கோப்பு உருவாகும். பிறகு எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் அதிலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை அதே பெயருள்ள ஜேபெக்குக்குள் நகலெடுக்கலாம். கட்டளை ஒரே வரிதான், முழுக் கோப்புறைக்கும் ஒரே ஓட்டத்தில் முடியும். முன்பிருந்த ஜேபெக்கை அது பெயர் மாற்றி வைத்துக்கொள்வதால் பயப்படத் தேவையில்லை.

இனிமேலுக்கு நான் சொல்வது வேறு. வரைபடத்தில் கையால் வைக்கும் வேலையே வேண்டாம். மலையேறும்போது நடந்த தடத்தைக் கைபேசியில், இடமும் நேரமும் சேர்ந்த ஜிபிஎக்ஸ் கோப்பாகப் பதிவு செய். வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கழிப்பதற்கும் பெயர் மாற்றுவதற்கும் முன்னால், எக்ஸிஃப்டூலால் அந்தத் தடத்தை இரண்டு வகைக் கோப்புகளுக்கும் ஒரே நேரத்தில் பொருத்து. இரண்டுக்கும் எடுத்த நேரம் ஒன்றே என்பதால் இடமும் ஒன்றாகவே விழும். பெயர் மாற்றினால் இரண்டுக்கும் சேர்த்து மாற்று. ஜேபெக்கை மட்டும் நீக்கி, ராவும் துணைக்கோப்பும் அநாதையாகக் கிடக்கும் கோப்புறைகளை என் வீட்டுக்கு வரும் நண்பர்களின் கணினிகளில் எவ்வளவோ பார்த்துவிட்டேன்.

நேரம்தான் இதில் உயிர். தடத்தில் பதிவாவது உலகப் பொது நேரம். உன் கேமராவோ இந்திய நேரம், அதாவது 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. அதோடு கேமராக் கடிகாரம் மாதக்கணக்கில் மெல்ல விலகும். மலையடிவாரத்தில் கைபேசியின் கடிகாரத்தை நொடியோடு தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள். எவ்வளவு விலகல் என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். எக்ஸிஃப்டூலிடம் அந்த வித்தியாசத்தைக் கொடுத்தால் அதுவே சரிசெய்துகொள்ளும். நீயாக நேரத்தைத் திருத்துவதானால் இரண்டு கோப்பிலும் திருத்து.

குகைத்தளங்களில் ஒரு தொல்லை உண்டு. சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைக்கு மேல் பாறை கவிந்திருப்பதால் செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் மோதித் தாறுமாறாக வரும். நீ படுக்கையருகே உட்கார்ந்திருக்க, தடம் பக்கத்து வயலில் நடந்துகொண்டிருக்கும். அந்தக் கிறுக்கல் புள்ளிகளை ஜிபிஎக்ஸ் கோப்பிலிருந்து முதலில் நீக்கிவிடு. உள்ளே நுழைந்த புள்ளிக்கும் வெளியே வந்த புள்ளிக்கும் நடுவே கருவி தானாகக் கணக்கிட்டுக்கொள்ளும்.

ரா கோப்புக்குள்ளேயே இடத்தை எழுதலாமா என்றும் கேட்டிருந்தாய். எழுத முடியும். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பாறையில் மங்கிப்போன பழைய தமிழி எழுத்தின் நிழலைப் பின்னாளில் இழுத்து எடுக்க உனக்கு இருக்கும் ஒரே மூலம் அதுதான்; அதைத் தொடாமல் வைப்பதே நல்லது. அதோடு கோப்பு ஒரு எழுத்து மாறினாலும் காப்பு வட்டில் அந்த முழுக் கோப்பும் மறுபடி நகலாகும். துணைக்கோப்போ சில கிலோபைட்தான். ஆகவே ராவுக்குத் துணைக்கோப்பு, ஜேபெக்குக்கு உள்ளே எழுதுவது என்பது என் வழக்கம். ஒரு சிக்கல் உண்டு: துணைக்கோப்புக்குப் பெயர் வைப்பதில் மென்பொருள்கள் ஒத்துப்போவதில்லை. லைட்ரூம் ராவின் வாலை வெட்டிவிட்டு எக்ஸ்எம்பி என்று சேர்க்கும். டார்க்டேபிள் அந்த வாலையும் வைத்துக்கொண்டு அதன்மேல் சேர்க்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இடம் காணாமல் போனதுபோல் தோன்றினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று உன் வீட்டில் கேட்டால், கொங்கர் புளியங்குளத்துக் கற்படுக்கையையும் கீழவளவுக் கற்படுக்கையையும் அருகருகே வைத்துக் காட்டு. பத்து வருடம் கழித்து எது எந்தக் குன்று என்று நீயே திணறுவாய். மாங்குளத்தில் 1882-இலேயே ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் கண்டெடுத்த கல்வெட்டுகளும் இன்று போய்ச் சேர வழி கேட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இடத்தைக் கொடுத்து அனுப்பாதே. அரிட்டாபட்டியில் வல்லூறு கூடு கண்டதாக எழுதியிருந்தாய். அட்சரேகை, தீர்க்கரேகையில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் என்றாலே சுமார் 11 மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். கூட்டின் படத்துக்கு உன்னிடம் இருக்கும் ஜோடியில் இடம் இருக்கட்டும், வெளியே போகும் நகலில் மட்டும் அழித்துவிடு. இதில் நான் கறார்.

முதலில் ஒரு ஜோடியை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே, இடமும் நேரமும் உதிர்ந்துபோகும். ஆவணமாக இணை, அல்லது மின்னஞ்சலில் போடு. துணைக்கோப்பை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பங்காளி