பகி சவாரி: எந்த வண்டி என்று எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் விடுமுறையோ ஆண்டிறுதி விடுமுறையோ நெருங்கிவிட்டால் பயண முகவைகளின் விளம்பரத் தாள்களில் ஒரு வரியைப் பார்க்கலாம்: “கிராமப்புறத்தில் ஏடிவி / பகி சவாரி, வழிகாட்டியுடன்.” பாலியில் உபுட் வயல்வெளி, புக்கெட்டில் ரப்பர்த் தோட்டம், ஜோகூரில் செம்பனைத் தோட்டம், பின்தானில் செம்மண் பாதை என்று இடம் மாறும், வரி மாறாது. நடுவில் போட்டிருக்கும் அந்தச் சாய்கோட்டில்தான் சிக்கல். ஏடிவி வேறு, பகி வேறு. எது கிடைக்கப்போகிறது என்று தெரியாமலே குடும்பத்தோடு பணம் கட்டுகிறோம்.

ஏடிவி மோட்டார் சைக்கிளைப் போல இருபுறமும் காலைப் போட்டு உட்காரும் நான்கு சக்கர வண்டி. ஹேண்டில்பாரின் வலது பக்கம் கட்டைவிரலால் அழுத்தும் சின்ன நெம்புகோல்தான் ஆக்சிலரேட்டர். தலைக்கு மேல் ஒன்றும் இருக்காது. பகியில் இருவரோ நால்வரோ கார்போல உட்காரலாம். ஸ்டியரிங், கால் பெடல், இருக்கைவார், சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு எல்லாம் உண்டு. எடை அரை டன்னைத் தொடும், தாண்டவும் செய்யும். கவிழும்போது ஏடிவி ஓட்டுபவர் வண்டிக்கு அடியில் சிக்காமல் விலகி விழுந்தால் பிழைத்தார். பகியில் இருப்பவரோ வார் போட்டபடி கூண்டுக்குள்ளேயே இருந்தால்தான் பிழைப்பார். ஒரு வண்டிக்குச் சொல்லித்தரும் பாடத்தை இன்னொன்றில் செய்தால் ஆபத்து. இரண்டுக்கும் சேர்த்து இரண்டு நிமிட விளக்கம் கொடுக்கும் இடங்களைத் தவிர்ப்பது நல்லது.

ஏடிவியில் புதியவர் விழுவதற்குப் பெரும்பாலும் அந்தக் கட்டைவிரல்தான் காரணம். பயம் வந்தால் கை இறுகும். கை இறுகினால் கட்டைவிரல் நெம்புகோலை அழுத்தும், வண்டி இன்னும் வேகமெடுக்கும். இதோடு, சிறிய ஏடிவிகள் பலவற்றில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருக்கும். திருப்பத்தில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், அதனால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். திரும்பவில்லையே என்று ஹேண்டிலை மேலும் ஒடித்து, பயத்தில் விரலையும் அழுத்தினால் நேரே ஓடைக்குள். திருப்பத்துக்கு முன்பே விரலைத் தளர்த்தி, உடம்பைத் திருப்பத்தின் உள்பக்கம் சாய்க்க வேண்டும். இதைத் தட்டையான திடலில் வலம் இடமாக எட்டுப் போட வைத்துப் பழக்கிய பிறகே பாதைக்கு அழைத்துப் போகும் வழிகாட்டி நல்ல வழிகாட்டி. இன்னொன்று: ஒருவருக்கென்று செய்த ஏடிவியில் பின்னால் இன்னொருவரை ஏற்றக்கூடாது. மேட்டில் ஏறும்போது எடை பின்னால் போய் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், மல்லாந்து விழும். இருவருக்கான ஏடிவியும் உண்டு. அதில் பின்னிருக்கைக்குச் சாய்மானம், பிடி, கால் வைக்கும் இடம் மூன்றும் தனியாக இருக்கும். இல்லையென்றால் அது ஒருவர் வண்டிதான், விற்பவர் என்ன பெயர் வைத்தாலும்.

பகியின் வயது விதி முகவைகள் சொல்வதைவிடக் கடுமையானது. பெரிய வண்டிகளை 16 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக்கூடாது என்பது தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குச் சில தயாரிப்பாளர்கள் 12 வயதாவது வேண்டும் என்கிறார்கள். வயதைவிட உயரமே நல்ல அளவுகோல். முதுகு இருக்கையில் முழுதாகச் சாய்ந்திருக்க, இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் பதிய வேண்டும், கை பிடியை எட்ட வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பிள்ளை மேடுபள்ளத்தில் வாருக்கு அடியில் வழுக்கி இறங்கிவிடும். மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை, ஆனால் அதையும் அனுமதிக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

வார் போடுவதிலும் வரிசை உண்டு. நான்கு முனை வாரில் முதலில் இடுப்பு வாரைத் தாழ இறக்கி, இடுப்பெலும்பின் மேல் இறுக்க வேண்டும், அதன் பிறகுதான் தோள் வார். தோளை முதலில் இழுத்தால் இடுப்பு வார் வயிற்றுக்கு ஏறிவிடும். குலுங்கும்போது வயிற்றை அறுப்பது அப்படி ஏறிய வார்தான். வார் மாட்டாவிட்டால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி சில வண்டிகளில் இருக்கிறது. அதை ஏமாற்றக் கொக்கியை முதுகுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தால், அந்த வண்டியில் ஏறாதீர்கள். கவிழும் நேரத்தில் கையை வெளியே நீட்டித் தாங்கத்தான் தோன்றும். கூண்டுக் குழாய்க்கும் தரைக்கும் நடுவே நசுங்குவது அந்தக் கைதான். பக்க வலை இருந்தால் மாட்டுங்கள். ஓட்டுபவர் ஸ்டியரிங்கை விடக்கூடாது, மற்றவர்கள் கைப்பிடியை.

சிங்கப்பூர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. இந்த வண்டிகள் பல அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவை, ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். நாம் வலப்பக்கம் உட்கார்ந்தே ஓட்டிப் பழகியவர்கள். இடப்பக்கம் உட்கார்ந்ததும் வண்டியின் வலது ஓரம் எங்கே முடிகிறது என்ற கணக்குத் தப்பும். அதனால் வலது பக்க மரத்திலும் வாய்க்காலிலும் உரசுகிறார்கள். கிளம்புமுன் யாரையாவது வண்டிக்கு முன்னால் நிற்கவைத்து, வலது முன் சக்கரம் எங்கே ஓடுகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். கார் ஓட்டும் மூன்றாம் வகுப்பு உரிமம் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். தனியார் தோட்டத்துக்குள் உரிமம் கேட்கமாட்டார்கள். ஆனால் கிளம்பும் இடத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே அரை கிலோமீட்டர் பொதுச் சாலை இருந்தால், அங்கே உரிமமும் காப்புறுதியும் கேள்வியாகும். டயரில் காற்று பத்துப் பன்னிரண்டு பிஎஸ்ஐ அளவுதான் இருக்கும், காரில் முப்பதுக்கு மேல். மண்ணில் நன்றாகப் பிடிக்கும் அந்த மெத்தென்ற டயர் தார்ச்சாலையில் தள்ளாடும்.

கியரில் எச் (வேகமாக ஓட), எல் (மெதுவாக, வலுவாக ஏற), என் (நியூட்ரல்), ஆர் (ரிவர்ஸ்) என்று எழுத்துகள் இருக்கும். பெரும்பாலான பகிகளில் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைப்பது ஒரு ரப்பர் பெல்ட். நால்வரை ஏற்றிக்கொண்டு செங்குத்தான மேட்டில் எச் கியரில் மெதுவாக ஊர்ந்தால் பெல்ட் வழுக்கும், சூடேறும், ரப்பர் கருகும் வாடை வரும், பிறகு அறுந்தே போகும். அந்தப் பெல்ட்டின் விலை உங்கள் முன்பணத்தில் கழியும். மெதுவாக ஏறவும் இறங்கவும் எல் போடுங்கள். இறக்கத்தில் ஒருபோதும் நியூட்ரலுக்கு மாற்றாதீர்கள், எஞ்சினின் இழுவை இல்லாமல் பிரேக் மட்டும் தாங்காது. மேட்டின் நடுவில் நின்றுவிட்டால் குறுக்கே திருப்பி இறங்கப் பார்ப்பது உருண்டு விழும் வழி. பிரேக்கை அழுத்தியபடி ரிவர்ஸில் போட்டு, வந்த வழியே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். ஓடையில் வழிகாட்டி முதலில் கடக்கட்டும். கால் வைக்கும் தளத்துக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடலாம். உள்ளே இறங்கிய பிறகு பாதியில் ஆக்சிலரேட்டரை விடாதீர்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாக மூன்று நான்கு தடவை அழுத்தினால் ஈரம் உலரும், இல்லாவிட்டால் அடுத்த திருப்பத்தில் பிரேக் பிடிக்காது.

வரிசையாகப் போகும்போது கடைசி வண்டிதான் மாட்டிக்கொள்ளும். முன்வண்டி ஒரு பள்ளத்தில் தயங்கினால் பின்னால் வருபவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தேங்கி, பிறகு எட்டிப்பிடிக்க விரைவார்கள். கடைசி ஆள் பறப்பார், அதுவும் புழுதிக்குள். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வழிகாட்டி இருக்கிறார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஒருவர் மட்டும் என்றால், ஓட்டவே தெரியாதவரை முதல் வண்டிக்கு அடுத்து வையுங்கள், கடைசியில் வைக்காதீர்கள். முன்வண்டியின் புழுதி அடங்கிப் பாதை தெரியும்வரை இடைவெளி விடுங்கள்.

உடையைப் பற்றி நம் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துப்பட்டாவும் பின்னலின் குஞ்சமும் சக்கரத்திலோ அச்சிலோ சிக்கினால் கழுத்து இறுகும். துப்பட்டாவை அறையிலேயே வைத்துவிட்டு, பின்னலைச் சுருட்டிச் சட்டைக்குள் விடுங்கள். தாலிச் சங்கிலியும் உள்ளே. முழுக்காற்சட்டை, கணுக்காலை மூடும் காலணி போதும். ஏடிவியின் சைலன்சரில் கெண்டைக்கால் பட்டால் அரை விநாடியில் தோல் வெந்துவிடும், அரைக்காற்சட்டையும் சிலிப்பரும் வேண்டாம். ஹெல்மெட் பொது ஹெல்மெட்தான், வியர்வை ஊறியிருக்கும். உள்ளே போட ஒரு மெல்லிய பருத்தித் துணி கொண்டுபோங்கள். தாடைவாருக்கு அடியில் இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழைந்தால் தளர்ச்சி.

சேறு தெறிப்பதுதான் விளம்பரப் படத்தின் கவர்ச்சி. அந்தச் சேற்றில்தான் எலிக்காய்ச்சல் கிருமியும், மெலியோய்டோசிஸ் என்ற மண்நோயின் கிருமியும் இருக்கின்றன. இரண்டாவது தென்கிழக்காசியாவில் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி. நீரிழிவுக்காரரைத்தான் அது கடுமையாகத் தாக்கும். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்று வாசகர்களுக்குத் தெரியும். காலில் ஆறாத புண் இருப்பவர் சேற்றுச் சவாரியைத் தவிர்ப்பதே சரி. மற்றவர்கள் சிராய்ப்பை நீர்புகாத பிளாஸ்டரால் மூடி, வாயில் சேறு படாமல் பார்த்து, முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பலதுறை மருந்தகத்தில் “சேற்றில் சவாரி போனேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கி, ஃபுளூ என்று நாள் ஓடிவிடும். கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் வட்டு விலகியவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்கள் ஏறவே வேண்டாம். பள்ளத்தில் விழும் அதிர்ச்சி நேராக இடுப்பு முதுகெலும்பில் இறங்கும்.

கிளம்புமுன் கையெழுத்து வாங்கும் பாரம் பொறுப்பை முழுதாக உங்கள் தலையில் கட்டும். கவனக்குறைவால் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டால் அந்தப் பொறுப்பை ஒப்பந்த வரியால் தட்டிக்கழிக்க முடியாது என்பது சிங்கப்பூர்ச் சட்டம். ஆனால் வெளிநாட்டில் நீங்கள் கையெழுத்திடும் பாரத்துக்கு அந்நாட்டுச் சட்டமே பேசும். நம் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டு மருத்துவமனைக் கட்டணத்தைத் தாங்காது. பயணக் காப்புறுதிதான் துணை, அதிலும் “உரிமம் பெற்ற நடத்துநர்”, “பந்தயம்”, “உரிய ஓட்டுநர் உரிமம்” என்ற சொற்கள் எங்கேயாவது ஒளிந்திருக்கும். வண்டியின் வகையையும் நீங்களே ஓட்டுவதையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் கிடைத்த “ஆமாம், கவர் ஆகும்” என்பது இழப்பீடு கேட்கும்போது உதவாது. வண்டியைச் சுற்றி ஒரு நிமிடக் காணொளி எடுங்கள்: சேற்றுக்காப்பு, விளக்கு, முன்சக்கரத்தைத் தாங்கும் கைகள், டயர். பழைய கீறலுக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை.

பருவமும் விளம்பரத் தாளில் இருக்காது. டிசம்பரில் ஜோகூர்க் கிழக்குக் கரையிலும் பின்தானிலும் வடகிழக்குப் பருவமழை, பாலியிலும் மழைக்காலம். ஜூனில் பாலி உலர்ந்திருக்கும், புக்கெட்டில் மழை. நனைந்த செம்மண் சோப்பைப் போல வழுக்கும், டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு பிடிமானத்தைப் பறித்துவிடும். ஆகவே முகவைகள் இதையாவது எழுதித் தரட்டும்: வண்டி ஏடிவியா பகியா, எத்தனை சிசி, ஒரு வண்டியில் எத்தனை பேர், ஓட்டுநருக்கும் பயணிக்கும் குறைந்த வயது என்ன, வழிகாட்டிகள் எத்தனை பேர், பொதுச் சாலை வருமா, சேதத்துக்கு யார் எவ்வளவு கட்டுவது, இடி மின்னலில் சவாரி நின்றால் பணம் திரும்புமா அல்லது மறுநாள் காலை வேளை தருவார்களா. தெரியாது என்று முகவை சொன்னால், உள்ளூர் நடத்துநரிடம் கேட்டு எழுதி வாங்கும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்