அப்பாவின் பேச்சுக்காகக் காத்திருந்த அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வழக்கமாக அட்டையில் இரண்டு வரி எழுதி அனுப்புவேன். இந்த வருஷம் இரண்டு வரியில் அடங்காது. நீங்கள் எங்கள் வீட்டில் இருந்தபோது நன்றி சொல்ல வாயெடுத்தாலே, "என் அண்ணனுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?" என்று பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவீர்கள். கடிதத்தில் நீங்கள் குறுக்கிட முடியாது, அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பக்கவாதத்தில் பேச்சை இழந்த ஒருவர் இருக்கும் வீடுகள் நிறைய. நீங்கள் செய்தது அந்த வீடுகளுக்கும் தெரிய வேண்டும்.

இந்த வருஷம் எங்களுக்கு என்னென்ன நேர்ந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம். மே மாதம் தம்பி வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்பாவைத் தூக்கித் தூக்கி அம்மாவின் முதுகு போயிற்று. இப்போது தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் முன்பைவிடக் குறைவுதான், ஆனாலும் காலையில் அவன் கிளம்பிப் போவதைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது. அம்மா குனிந்து நிமிர்கிறார். அந்த இரண்டும் வந்தன, நின்றன, ஒருவாறு விலகின. அப்பாவின் பேச்சு அப்படியில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அன்று காலை நீங்கள் எங்களோடு இருந்தது தற்செயல். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கூடுதலாக இரண்டு நாள் தங்கியிருந்தீர்கள். அப்பாவின் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. என்னவோ சொல்ல வந்தார், வெறும் ஓசைதான் வந்தது. அம்மா தண்ணீர் கொண்டுவர ஓடியபோது, "வேண்டாம் அண்ணி, புரையேறிடும்" என்று தடுத்தது நீங்கள். கடிகாரத்தைப் பார்த்து உள்ளங்கையில் நேரத்தைக் குறித்துக்கொண்டதும் நீங்கள்தான். மூளையின் ரத்தக்குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. அதை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு. அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்டதே, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" என்பதைத்தான். நீங்கள் கையை விரித்துக் காட்டினீர்கள். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துப்போகின்றன என்று 2006இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பிறகொரு நாள் அதைப் படித்தபோது கை கால் நடுங்கிவிட்டது எனக்கு.

அப்பாவின் இதயத் துடிப்பு சீராக இல்லாமல் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இதயத்தில் ரத்தம் தேங்கி உறைந்து, கட்டி மூளைக்குப் போய்விடும் என்றார்கள். அடைபட்டது இடது மூளை. உடம்பின் வலது பக்கத்தை ஆள்வது அது, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான். அதனால்தான் கையும் காலும் பேச்சும் ஒன்றாகப் போயின. கால் முதலில் திரும்பியது, கை பாதி திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை.

பேச்சு வரவில்லை என்றால் நாக்கு அசையவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்பாவுக்கு வந்தது அஃபேசியா. நாக்கும் குரலும் இருக்கின்றன, சொல்ல வேண்டியது மனசில் தெளிவாக இருக்கிறது, அதற்குரிய சொல்தான் கைக்குச் சிக்குவதில்லை. எழுதவும் அப்படித்தான், படிக்கவும் அப்படித்தான். "ஆமாம்" என்று தலையாட்ட நினைத்து "இல்லை" என்றுவிடுவார். ஆரம்பத்தில் எதைச் சொல்ல வந்தாலும் "வந்து... வந்து..." என்பது மட்டும்தான் வாயில் வந்தது. 1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் பார்த்த நோயாளி ஒருவருக்கும் 'டான்' என்ற ஓர் ஓசை மட்டுமே மிஞ்சியிருந்ததாம். அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து, இடது முன்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார் புரோக்கா. பேச்சுக்கும் இடது மூளைக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் ஏற்கத் தொடங்கியது அங்கிருந்துதான். ஸ்பீச் தெரபிஸ்ட் இதைச் சொன்னபோது நீங்கள் அப்பாவின் பக்கம் திரும்பி, "கேட்டியாண்ணா, உனக்கு முன்னாடியே ஒருத்தர் இருந்திருக்காரு" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அப்பா சிரித்தது அப்போதுதான்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், பாசத்தோடு வந்தவர்கள். ஆனாலும் காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் அப்பாவிடம் கத்திப் பேசினார்கள். சிலர் குழந்தையிடம் கொஞ்சுவதுபோலப் பேசினார்கள். இன்னும் சிலர் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "சாப்பிடுறாரா? தூங்குறாரா?" என்று எங்களிடம் கேட்டார்கள். அவர் வாயைத் திறந்தால், பாவம் சிரமப்படுகிறாரே என்று, சொல்ல வந்ததை இவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அது பெரும்பாலும் அவர் சொல்ல வந்ததாக இருக்காது. கொஞ்ச நாளில் அப்பா வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டார்.

நீங்கள் டிவியை அணைத்துவிட்டு அவருக்கு நேராக உட்காருவீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, அதுவும் சின்னக் கேள்வி. கேட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். அந்த மௌனம் நீளும்போது எங்களுக்கெல்லாம் மூச்சுமுட்டும். உங்கள் முகத்தில் அவசரம் துளிகூடத் தெரியாது. ஆரம்பப் பள்ளியில் அத்தனை வருஷம் பாடம் நடத்தியவர் நீங்கள். பதில் தெரிந்த பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு துடித்தாலும், யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகத்தையே பார்த்து நிற்பீர்கள் என்று உங்களிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பொறுமையைக் கொண்டுவந்தீர்கள், ஆனால் அப்பாவை ஒருநாளும் பிள்ளையாக நடத்தவில்லை. நிலத்துப் பத்திரம், தம்பியின் வேலை, உங்கள் மகனோடு உங்களுக்கு இருந்த மனஸ்தாபம் எல்லாவற்றையும் அவரிடம் யோசனை கேட்டீர்கள். மூத்த அண்ணனிடம் கேட்பதுபோலவே கேட்டீர்கள். "வந்து" என்ற அந்த ஒரே சொல்லை அவர் இழுக்கிற விதத்தை வைத்தே சம்மதமா, கோபமா, வேறு எதையாவது தேடுகிறாரா என்று கண்டுபிடித்தீர்கள். புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டவும் மாட்டீர்கள். "புரியலண்ணா, வேற மாதிரி சொல்லு" என்பீர்கள். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய்யாகப் புரிந்துகொள்வது மரியாதை ஆகாது.

அந்த இரவு ஜெபம் ஞாபகம் இருக்கிறதா? குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட வார்த்தை வராத அப்பா, நாம் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்ல ஆரம்பித்ததும் கூடவே சொன்னார். தடங்கல் இல்லாமல், ஆமென் வரை. அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பேச்சு திரும்பிவிட்டது என்றே நினைத்தோம். ஜெபம் முடிந்ததும் மறுபடி "வந்து..." தான். மனப்பாடமாக ஊறிப்போன ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகள் எல்லாம் பலருக்குத் தப்பித்துக்கொள்ளும், சொந்தமாக வாக்கியம் அமைப்பது வேறு வேலை என்று மறுநாள் தெரபிஸ்ட் விளக்கினார். பாட்டின் மெட்டை வைத்துப் பேச்சைப் பழக்கும் ஒரு சிகிச்சை முறையை 1973இலேயே வெளியிட்டிருக்கிறார்களாம். எங்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. நீங்கள் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். தினமும் ஜெபத்தைத் தொடங்கி 'ஆகாரத்தை' என்ற சொல்லுக்கு முன்னால் நிறுத்துவீர்கள். அப்பா அதைச் சொல்வார். ஜெபத்துக்கு உள்ளே வந்த சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தீர்கள். சாப்பாட்டு மேஜையில் தட்டைக் காட்டி ஒருநாள் அவராகவே "ஆகாரம்" என்றார். வீட்டில் யாரும் சாப்பாட்டை ஆகாரம் என்று சொல்வதில்லை. இன்றுவரை அப்பாவுக்கு அது ஆகாரம்தான், எங்களுக்கும் இப்போது அப்படியே ஆகிவிட்டது.

ஜூலையை மறக்க முடியாது. அதுவரை பயிற்சிக்கு ஒத்துழைத்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பிசியோதெரபிஸ்ட் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பிடிவாதம் என்றார்கள், வயசு என்றார்கள், விசுவாசக் குறைவு என்றுகூட ஒருவர் சொன்னார். "இது மனசுக்கு வந்திருக்கிற நோய், டாக்டர்கிட்ட சொல்லணும்" என்று நின்றது நீங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்றும், அதற்கு மருந்து உண்டு என்றும் மருத்துவர் சொன்னார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் நீங்கள் கட்டில் அருகே நாற்காலியைப் போட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மாவைக் கட்டாயப்படுத்தித் தூங்க அனுப்பினீர்கள். நோயாளியைக் கவனிக்க நூறு பேர் வருவார்கள் அத்தை, கவனித்துக்கொள்பவரைக் கவனிக்க ஒருவர் வருவது அபூர்வம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான அட்வென்ட் காலம் தொடங்கியதிலிருந்து லூக்கா சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து வாசித்து வருகிறோம். கிறிஸ்துமஸ் என்றாலே பெத்லகேம், மேய்ப்பர்கள் என்று இரண்டாம் அதிகாரத்துக்குத்தான் மனசு ஓடும். லூக்கா தொடங்குவதோ பேச்சிழந்த ஒரு கிழவரிடமிருந்து. சகரியா ஊமையாகிவிடுகிறார், மனைவி எலிசபெத்து பிள்ளை பெற்ற பிறகும் பேச்சில்லை. பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளில் உறவினர்கள் கூடி, என்ன பேர் வைக்க வேண்டும் என்று அவரிடம் சைகையால் கேட்கிறார்கள். பேச முடியாதவரிடம் எதற்குக் கேட்பது என்று யாரும் விடவில்லை. அவர் எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கி, யோவான் என்று எழுதுகிறார். அப்பாவுக்கு எழுத்தும் போய்விட்டதால் அவர் நிலைமை சகரியாவைவிடக் கஷ்டம். ஆனாலும் அந்தப் பகுதியை வாசித்தபோது அப்பா மேஜையில் தட்டி, உங்கள் பேரைச் சொன்னார். உங்கள் பேரை முழுதாக, தெளிவாக. அதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் நன்மைக்கே" என்று இந்த வருஷம் பலர் சொன்னார்கள். ஆறுதலுக்காகச் சொன்னார்கள், தெரியும். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கு நோய் வந்தது நன்மை இல்லை. தம்பி வேலையில்லாமல் இருந்ததால்தான் அப்பாவைத் தூக்க ஆள் கிடைத்தது என்று சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மாதங்களில் அவன் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். இந்த நோய்க்காக நான் ஸ்தோத்திரம் சொல்லப்போவதில்லை. நோய் வந்த வீட்டுக்குள் நீங்கள் இருந்தீர்களே, அதற்குச் சொல்கிறேன். ஆராதனையில் நன்றி ஏறெடுக்கும் நேரத்தில் என் மனசில் வரப்போவது நீங்கள், ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவர், ஸ்கேன் அறையில் இருந்த இளம் நர்ஸ், சலிக்காமல் ஒரே படத்தை நூறு முறை காட்டிய தெரபிஸ்ட்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். கைத்தடியோடு வாசல்வரை போய்வருகிறார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடுவதில்லை, பெட்டியில் கிழமைவாரியாக அவரே அடுக்குகிறார். இரண்டு சொல், மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறார். களைத்துப்போனால் சாயங்காலத்தில் பழைய "வந்து" திரும்பிவிடும், காலையில் சரியாகிவிடும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்கப்புறம் மெதுவாகும், ஆனால் வருஷக்கணக்கில் தொடரலாம் என்கிறார்கள். ஒரு தெரு அடைபட்டால் பக்கத்துச் சந்துகளில் வழி கண்டுபிடிப்பதுபோல மூளை வேறு பாதைகளைப் பழக்கிக்கொள்கிறதாம். அதற்குத் தினமும் பேச வேண்டும். பேசுகிறோம்.

கடைசியாக ஒரு விஷயம். கிறிஸ்துமஸுக்கு உங்களைக் கூப்பிட நான் போன் எடுத்தபோது அப்பா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அவரே கூப்பிடுவாராம். முகமும் சைகையும் தெரியாததால் போனில் பேசுவதுதான் அஃபேசியா உள்ளவர்களுக்கு மிகக் கஷ்டம். அதனால் தம்பியை உட்காரவைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கூப்பிடுவார். எடுத்தவுடன் ஒன்றும் கேட்காவிட்டால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுக்க மாட்டோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். எவ்வளவு நேரம் ஆனாலும் அவரே சொல்லட்டும். டிக்கெட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள் அத்தை, பண்டிகை நேரத்தில் பிறகு கிடைக்காது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்