பிரசர் மாத்திரையும் பக்கத்து வீட்டு அக்காவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கத்து லயத்து அக்கா எனலாப்ரில் என்ற பிரசர் மாத்திரையைக் குடிப்பதை நிறுத்திவிட்டார். “நோய் எதிர்ப்புச் சக்தி போய்விடும்” என்று வட்ஸ்அப்பில் வந்ததாம். அதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதே வகை மாத்திரையான ராமிப்ரில் குடித்த சிலரின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். கிருமியைக் கொல்லும் வெள்ளையணுக்களின் வலு குறைந்திருந்தது. வேறு வகைப் பிரசர் மாத்திரையான லொசார்டன் எலிகளில் அப்படிச் செய்யவில்லை.

அதற்காக மாத்திரையை வீசுவதா? அக்காவின் பிரசர் இப்போது 180. இந்த வகை மாத்திரை தரும் வறட்டு இருமலையும் அவர் பனிக்குளிர் என்றே நினைத்திருந்தார். டொக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றலாமே.

கிளினிக் நாளில் தமிழில் இதை விளக்க ஒருவர் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொகவந்தலாவை