மண் வீடு பற்றி மெய்யப்பனுக்கு

பள்ளத்தூர்

அன்புள்ள மெய்யப்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காலேஜில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை பின்னால் வரும். ஆச்சியோடு நாலு நாள் முன்னதாகவே வந்துவிடு.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தேவகோட்டை மனையில், சுடாமல் அச்சில் அழுத்திச் செய்யும் மண்கல் வைத்துக் கட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் 'மண்சுவர் வெயிலை உள்ளே விடாது' என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மண் சூட்டைத் தடுப்பதைவிட வாங்கி வைத்துக்கொள்வதுதான் அதிகம். ஒரு அடி கனச் சுவரில் வெளிச்சூடு உள்பக்கம் வந்து சேர 8 முதல் 10 மணி நேரம் ஆகும். மத்தியானம் வாங்கிய வெயிலை நீ படுக்கப் போகும் நேரத்தில் கொடுக்கும். அப்போது ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டால், சுவரில் இருக்கும் சூட்டையும் சேர்த்து அந்த மெஷின்தான் இறைக்க வேண்டும். ராத்திரிக் காற்று உள்ளே ஓடிச் சுவர் ஆறினால்தான் மறுநாள் பகல் குளுமை.

நம் பெரிய வீடுகளில் சுவர்க் கனத்தை மட்டுமா வைத்தார்கள்? முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் வாசல், நடுவில் வானம் பார்த்த முற்றம். அனல் காற்று மேலே போக வழி இருந்தது. நீயோ முற்றத்தை 'இடம் வேஸ்ட்' என்கிறாய்!

கூரைக்கு வெறும் காங்கிரீட் போதாது. உச்சி வெயில் முழுக்க விழுவது அங்கேதான். தளத்தின் மேல் சின்ன மண்சட்டிகளை நெருக்கமாகக் கவிழ்த்து அடுக்கி, இடுக்கில் சுண்ணாம்புக் கலவை நிரப்பி, மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். சட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டை மறிக்கும். மானாமதுரையில் சொல்லி வைத்தால் சட்டி செய்து தருவார்கள். பாரம் தாங்குமா என்று மட்டும் இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்.

மண்ணை வாங்குமுன் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வை. மணல் உடனே அடியில் படியும், களிமண் கடைசியாக மேலே படியும். களி அதிகமென்றால் கல் காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். அழுத்துமுன் 5 சதவீதம் போல சிமெண்ட் கலந்தால் மழைக்குத் தாங்கும். ஆரோவில் புவி நிறுவனத்தில் இதற்குப் பயிற்சியே தருகிறார்கள். உன் கொத்தனாரை அனுப்பு, செலவு என்னுடையது.

அப்புறம், பிளானை வாட்ஸ்அப்பில் போடு. மேற்குச் சுவரை ஒட்டிப் படுக்கையறை வைத்திருந்தால் இப்போதே மாற்றச் சொல்லலாம்.

அன்புடன்,
சுப்பு